நடுக்குருசுக்கு வலக்கைப் பக்கம்

மடுத்தீன் வலது என்றார். றொஜர் இடது என்றார்.

பாரிஸின் லா சப்பலில் றொஜரின் கடை. வாசலில் வாழைக்காயும் முருங்கைக்காயும். உள்ளே போனால் கருவாட்டுப் பெட்டிகளுக்கும் அரிசி மூட்டைகளுக்கும் நடுவில் இரண்டு பிளாஸ்டிக் கதிரைகள். ஒன்றில் மடுத்தீன் இருந்தார். மற்றதில் அவருடைய பேத்தி அனுஜா. றொஜர் நின்றார். அவருக்கு நின்றுகொண்டுதான் வாதாட வரும்.

“நடுக்குருசுக்கு வலக்கைப் பக்கம்,” என்றார் மடுத்தீன். “அம்மாவைக் குழியிலை இறக்கினவன் நான். எனக்குத் தெரியாதோ?”

“அண்ணை, வலக்கைப் பக்கம் குழந்தைப் பிள்ளையளை அடக்கம் பண்ற இடம். என்ரை தம்பி அங்கைதான் கிடக்கிறான். பெரியாக்கள் எல்லாரும் இடக்கைப் பக்கம். அதுதானே எங்கடை ஊர் வழக்கம்?”

“வழக்கம் எனக்கும் தெரியும்.”

“தெரிஞ்சால் ஏன் மாறிச் சொல்லுறீங்கள்?”

மடுத்தீன் முழங்கால்களில் கைகளை வைத்தபடி கருவாட்டுப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருவருக்கும் ஒரே ஊர். மன்னார்க் கரையில் இலந்தைக்குடா. யுத்தத்தில் சனம் முழுக்க எழும்பிப் போன ஊர். நெடுங்காலம் பற்றை மூடிக் கிடந்து, இப்போது சில குடும்பங்கள் திரும்பியிருக்கின்றன. கோயிலுக்கு ஓடு போட்டாயிற்று. அடுத்தது சேமக்காலை. ஆள் இல்லாத காலத்தில் கல்லறைகளின் மரக்குருசுகளைக் கறையான் தின்றுவிட்டது. மண்மேடுகள் சரிந்து நிலம் ஒரே மட்டமாகிவிட்டது. பழையவற்றில் நடுவில் நின்ற பெரிய சீமெந்துக் குருசு மட்டும் மிச்சம்.

இறந்தவர்களை நினைக்கும் ஆத்துமாக்கள் திருநாளுக்கு முன் எல்லாருக்கும் பேர் போட்டுப் புதிய குருசு நாட்டுவதாக ஊர்ப் பாதர் அறிவித்திருந்தார். யார் எங்கே கிடக்கிறார்கள் என்பதை உறவுக்காரர்தான் சொல்ல வேண்டும். இந்த ஞாயிறு பொழுதுபடுமுன் சொல்ல வேண்டும். இடம் தெரியாதவர்களுக்கு மதில் ஓரமாக ஒரே ஒரு பொதுக்கல். அதில் பேர் இருக்காது.

அந்தப் பேரில்லாத கல்லுக்குத்தான் மடுத்தீன் பயந்தார். ஒரு கிழமையாக அவர் சரியாகச் சாப்பிடவில்லை. தாய்க்கு ஒரு குருசு. இந்த வயதில் அவர் கேட்டது அவ்வளவுதான். அனுஜா அதைப் பார்த்துத் தருவதாகச் சொல்லியிருந்தாள். ஃபோனில் செய்யக்கூடிய காரியம், ஒரு மதியத்தில் முடிந்துவிடும் என்று நினைத்திருந்தாள்.

அவள் ஃபோனை எடுத்தாள். திரையில் அற்புதராணி வந்தார். மடுத்தீனின் தங்கையின் மகள். ஊருக்குத் திரும்பியவர்களில் ஒருவர். வெளிநாட்டில் இருப்பவர்கள் சொல்லச் சொல்ல, சேமக்காலையில் பனை மட்டைத் தடிகளை நாட்டி அடையாளம் வைப்பது அவருடைய பொறுப்பு. பாரிஸில் மதியம். அங்கே வெயில் சாய்ந்திருந்தது.

“சேமக்காலை வாசல் படலையடியிலை நிக்கிறன் மாமா. சொல்லுங்கோ.”

“நேரை வா. நடுக்குருசடிக்கு வந்திட்டியோ?”

“ஓம்.”

“வலக்கைப் பக்கம் திரும்பு. நட. இன்னும் போ.”

படம் குலுங்கியது. மணல், காய்ந்த புல், அற்புதராணியின் கால்விரல்கள். பிறகு அசைவு நின்றது.

“மாமா, இதிலை சிப்பி அடுக்கிக் கிடக்கு. சின்னச் சின்ன வட்டமா. இது பிள்ளையளின்ரை இடம்.”

செத்த குழந்தைகளுக்குச் சிப்பி அடுக்குவது அந்த ஊர்ப் பெண்களின் வேலை. மரம் போய்விட்டது. சிப்பி போகவில்லை.

“பாதருக்கு இடக்கைப் பக்கம் எண்டு சொல்லுவம் அண்ணை,” என்றார் றொஜர். குரலில் வென்ற களை இல்லை. “பெரியாக்களின்ரை பக்கம். எங்கையெண்டாலும் ஒரு இடத்திலை.”

“எங்கையெண்டாலும் ஒரு இடத்திலையோ? என்ரை அம்மா என்ன, தொலைஞ்சு போன செருப்போ?”

“அப்பிடிச் சொல்லேல்லை அண்ணை. வயசு போனால் எல்லாருக்கும் மாறும். எனக்கு நேத்து மனிசியின்ரை ஃபோன் நம்பர் மறந்து போச்சு.”

“உனக்கு மனிசியே மறந்து போனாலும் நான் ஆச்சரியப்படமாட்டன்.”

றொஜர் சிரித்தார். மடுத்தீன் சிரிக்கவில்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

கார் து நோர்ட் நிலையத்துக்கு நடந்துபோய் ஐந்தாம் இலக்க மெட்ரோ எடுத்தார்கள். வீடு இருந்த பொபினி கடைசித் தரிப்பு. மடுத்தீன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். சுரங்கத்துக்குள் ஜன்னலில் அவருடைய முகம்தான் தெரிந்தது. பாதி வழியில், அவளிடம் சொல்கிற மாதிரி இல்லாமல், “அம்மாவை எங்கை விட்டனான் எண்டு எனக்குத் தெரியேல்லை,” என்றார்.

அனுஜா அவர் கையைப் பிடித்தாள். அவளுடைய அப்பா ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், அப்பப்பாவுக்கு மறதி தொடங்கிவிட்டது, டொக்டரிடம் ரான்தேவு எடு என்று. அவள் வேலை செய்யும் ஃபார்மசிக்கும் அப்படிப்பட்ட முதியவர்கள் வருவார்கள். பிள்ளைகள் அவர்களுக்குப் பதிலாகப் பேசுவார்கள். முதியவர்களோ பக்கத்தில் நின்று விலைச்சீட்டுகளைப் பார்ப்பார்கள்.

ஆனால் அப்பப்பா மறக்கிறவராக அவளுக்குப் படவில்லை. மறக்கிறவர்கள் தடுமாறுவார்கள். இவர் ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. கேட்ட நேரமெல்லாம் வலது.

வீட்டில் அவள் தேநீர் போட்டாள். குசினி மேசையில் அவருக்கு எதிரே இருந்தாள். இடத்தைப் பற்றி இனிக் கேட்பதில்லை என்று முடிவு செய்திருந்தாள்.

“அண்டைக்கு என்ன நடந்தது, அப்பப்பா?”

“எண்டைக்கு?”

“உங்கடை அம்மாவை அடக்கம் பண்ணின அண்டைக்கு. விடியலிலை இருந்து சொல்லுங்கோ.”

அவர் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தார். பிறகு தொடங்கினார்.

அது நல்ல மாரி. நாள்கணக்காக மழை. விடியற்காலை அம்மா தண்ணீர் கேட்டா. கொண்டுவருவதற்குள் போய்விட்டா. தச்சனின் வீடு ஒழுகியது. அதனால் சவப்பெட்டிப் பலகையைக் கோயில் விறாந்தையில் வைத்துத்தான் சீவினான். உள்ளே பெண்கள் செபம் சொல்ல, வெளியே அவனுடைய சீவுளி கேட்டது. சீவல்கள் காற்றில் பறந்து பீடம்வரை போயின. பாதர் ஒன்றும் சொல்லவில்லை. ஈரப் பலகை. அந்த மணம் இன்னும் மூக்கில் இருக்கிறது என்றார்.

“பூவரசம் பலகை. எங்கடை வளவு மரம். அம்மா நட்டது. ஒரு வருசத்துக்கு முன்னம் நான் அதைத் தறிச்சு வள்ளத்துக்கு எண்டு வைச்சிருந்தனான். அவ ஏசினவ. கடைசியிலை அவவுக்கே உதவிச்சுது.”

மதியத்துக்கு மேல் மழை விட்டது. சட்டென்று வெயில். ஊர் முழுக்கப் பளபளத்தது. வேலிகளில் சனம் ஈரத் துணிகளை விரித்தது. செத்த வீடு என்று பார்க்க முடியுமா? ஒரு வெயில் கிடைத்தால் விடமாட்டார்கள். அவருக்கு அதில் கோபம் வரவில்லை. அம்மா உயிரோடு இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பா.

இந்தப் பூவரச மரத்தை அனுஜா கேள்விப்பட்டதே இல்லை. இலந்தைக்குடா என்றால் அவளுக்கு இதுவரை இரண்டு கதைகள்தான்: ஓடியது, வந்து சேர்ந்தது.

“குழிக்குள்ளை தண்ணி ஊறிக்கொண்டே இருந்தது. பொடியள் சிரட்டையாலை கோலிக் கோலி ஊத்தினாங்கள். தண்ணிக்குள்ளை எப்பிடி விடுறது? பொறுத்து நிண்டம். பொழுதுபடப் போகுது எண்டு பாதர் அவசரப்படுத்தினார்.”

“நீங்கள் எங்கை நிண்டனீங்கள்?”

“தலைமாட்டிலை. இல்லை, கொஞ்சம் விலகி. ஆரின்ரை நிழலும் குழிக்குள்ளை விழப்படாது எண்டு ஊரிலை சொல்லுவினம். என்ரை நிழல் நல்ல நீட்டா எனக்கு முன்னாலை விழுந்தது. அதாலை குழியை விட்டு ஒரு பக்கமாத் தள்ளி நிண்டனான். மண் போடேக்கைதான் கிட்டப் போனது. அப்ப விழுந்திருக்கும். என்ன செய்யிறது?”

அனுஜா நிமிர்ந்தாள்.

“நிழல் உங்களுக்கு முன்னாலையோ?”

“ஓம்.”

“அப்ப வெயில் முதுகிலை.”

“ஓம். சுட்டது.”

“பின்னேரம். கடல் எந்தப் பக்கம்?”

“பொழுதுபடுற பக்கம்தான். இது என்ன கேள்வி?”

அவள் ஃபோனில் வரைபடத்தைத் திறந்தாள். மேற்கே கடல். நடுவே வெறும் மணலாகச் சேமக்காலை. கிழக்கே ஊர், வீதி, படலை. உப்புப் போத்தலை மேசை நடுவில் நடுக்குருசாக வைத்தாள். அவர் இருந்த பக்கம், படலைக்கு ஒரு கரண்டி.

“அப்பப்பா, கடல் உங்கடை முதுகுப் பக்கம் இருந்திருக்கு. படலை உங்களுக்கு முன்னாலை. படலையாலை வந்தாக்கள் ஏன் படலையைப் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்?”

“படலையாலை ஆர் வந்தது?” மடுத்தீனுக்கு எரிச்சலாக இருந்தது. “வீதியிலை இடுப்பளவு வெள்ளம். பெட்டியை வள்ளத்திலை ஏத்தி, கடலாலை கொண்டுபோய், கரையிலை இறக்கித்தான் உள்ளுக்குக் கொண்டு வந்தம்.”

“ஏன் இதை முதலே சொல்லேல்லை?”

“இதிலை சொல்லுறதுக்கு என்ன கிடக்கு? மாரியிலை செத்தால் கடலாலைதான். அது எல்லாருக்கும் தெரியும்.”

எல்லாருக்கும் என்று அவர் சொன்ன அந்த எல்லாரில் பொபினியில் அவர் ஒருவர்தான் இருந்தார். றொஜர் அந்த மாரிக்கு முன்பே பிரான்சுக்கு வந்துவிட்டவர். அடுத்த ஆத்துமாக்கள் திருநாளுக்கு மடுத்தீனும் ஊரில் இல்லை. தாயின் கல்லறையை அவர் படலைப் பக்கமிருந்து ஒருநாளும் பார்க்கவில்லை.

அனுஜா அவருடைய கதிரையைப் பிடித்து மேசையின் மறுபக்கத்துக்கு, கடல் பக்கமாக மாற்றினாள். அவரை இருத்தினாள். போத்தலுக்கு வலப்புறம் கையை வைக்கச் சொன்னாள். வைத்தார். பிறகு எழுப்பிப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தாள். கை வைத்த இடம் இப்போது இடப்புறமாக இருந்தது.

அவர் அதை நீண்ட நேரம் பார்த்தார்.

“அப்ப நான் சொன்னது சரி.”

“சரிதான். றொஜர் மாமா சொன்னதும் சரி.”

“அவன் சொன்னது பிழை,” என்றார் மடுத்தீன். அன்றைக்கு இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

ஞாயிறு அவர் பூசைக்குப் போகவில்லை. அனுஜாவுக்கு நினைவு தெரிந்து இதுதான் முதல் தடவை. மழைக்குள் லா சப்பலுக்கு வந்தார்கள். கதையைக் கேட்ட றொஜர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“கடலாலை வந்ததை விட்டிட்டு வலம் இடம் எண்டு ஒரு கிழமை என்னோடை சண்டை பிடிச்சிருக்கிறீங்கள்.”

“நீ ஊரிலை நிண்டிருந்தால் தெரிஞ்சிருக்கும். நீதான் முதல் பிளேனிலை ஏறின ஆளாச்சே.”

அற்புதராணி இந்த முறை சேமக்காலையைச் சுற்றிக்கொண்டு கரைக்குப் போனார். ஃபோனில் கடல் இரைந்தது. மதில் இடிந்த இடத்தால் உள்ளே வந்தார். நடுக்குருசு எதிரே தெரிந்தது. மடுத்தீன் கதிரை நுனிக்கு வந்துவிட்டார்.

“வலக்கைப் பக்கம். போ பிள்ளை. போ. குருசின்ரை கை உன்ரை தோளுக்கு நேரை வரேக்கை நில்.”

நின்றார். படம் அசையவில்லை.

“மாமா.”

“சொல்லு.”

“இஞ்சை ஒரு குருசு நிக்குது. புதுசு.”

அவர் ஃபோனைத் தாழ்த்திக் காட்டினார். வெள்ளை பூசிய மரக்குருசு. கறுப்பு மையில் றெஜினா என்ற பேர். காய்ந்த மாலை ஒன்று.

“எங்கடை றெஜினா அக்காவோ?” என்றார் றொஜர்.

“ஓம். போன வருசம் மாசியிலை காலமானவ. அப்ப இஞ்சை ஒரு அடையாளமும் இல்லை. வெறும் நிலம் எண்டு நினைச்சு வைச்சிட்டினம்.”

அனுஜா பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். பிறகு தமிழில் சொன்னாள். “அது எங்கடை இடம். அப்பப்பாவின்ரை அம்மாதான் முதல்.”

மடுத்தீன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

றொஜர் தாடையைச் சொறிந்தார். “அடக்கம் பண்ணின ஆளை எடுக்கேலாது. குருசை இரண்டு முழம் தள்ளி வைக்கச் சொல்லலாம். ஆனால் மகனிட்டை ஒரு வார்த்தை கேக்க வேணும். கிங்ஸ்டன். இஞ்சை பக்கத்திலை ஆர்ஜொந்தெயிலை இருக்கிறான்.” அவர் அப்போதே ஃபோன் எடுத்துவிட்டார். “பொறுங்கோ, வாறானாம்.”

அற்புதராணியைப் பிறகு எடுப்பதாகச் சொல்லி வைத்தார்கள். கிங்ஸ்டன் வந்தபோது சட்டை தோளில் நனைந்திருந்தது. முப்பத்தைந்து வயது மதிக்கலாம். ஒரு ரெஸ்ரோறன் குசினியில் வேலை. அன்று பின்னேரம் வேலை இருந்தது. ரெயிலில் வரும்போதே யோசித்து வந்திருக்க வேண்டும். வணக்கம் சொல்லவில்லை. நேரே மடுத்தீனுக்கு முன்னால் வந்து நின்றான்.

“ஐயா, அந்தக் குருசைத் தள்ளச் சொல்லாதேங்கோ.”

“முதல் இதைக் குடி,” என்று றொஜர் தேநீரை நீட்டினார். அவன் வாங்கவில்லை.

“நான் அகதிப் பத்திரத்திலை இருக்கிறன். ஊருக்குப் போகேலாது. அம்மாவை அடக்கம் பண்ணேக்கை வேலையிடத்து ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்திலை நிண்டு ஃபோனிலை பாத்தனான். முகம் வடிவாத் தெரியேல்லை. லைன் விட்டு விட்டு வந்தது. கடைசியிலை அந்தக் குருசு மட்டும் நல்லாத் தெரிஞ்சுது. எனக்குத் தெரிஞ்சது அது ஒண்டுதான். உங்களுக்கு எல்லாம் தெரியும். எனக்கு அந்தக் குருசு நிக்கிற இடம் மட்டும்தான்.”

அனுஜா அப்பப்பாவைப் பார்த்தாள். ஒரு கிழமையாக அவர் தின்னாமல் கிடந்து கேட்டது அந்த இடத்தைத்தான். அவர் கேட்டால் கிடைக்கும். பாதர் கேட்பார். முதலில் வந்தவர் முதலில்.

மடுத்தீன் இருமினார். றொஜரின் கையிலிருந்த தேநீரை வாங்கிக் கிங்ஸ்டனின் கையில் தானே வைத்தார்.

“குடி. ஆர் தள்ளப்போறது? அது நிக்கிற இடத்திலை நிக்கட்டும்.”

“அப்ப உங்கடை அம்மா?”

“அவவும் அங்கைதானே கிடக்கிறா. அவ எங்கை போறது? ஒரே குருசிலை இரண்டு பேரையும் எழுதச் சொல்லுவம். உனக்குச் சம்மதமோ?”

கிங்ஸ்டன் தலையாட்டினான். றொஜர் வாசலுக்குப் போய்த் தேவையில்லாமல் முருங்கைக்காய்களை அடுக்கினார்.

அனுஜா பாதருக்கு எழுதத் தொடங்கினாள். கடல் பக்கமிருந்து பார்க்க வலது, படலைப் பக்கமிருந்து பார்க்க இடது, ஏற்கெனவே குருசு நிற்கும் இடம். பேருக்கு வந்ததும் விரல் நின்றது. இவ்வளவு நாளும் அவர் அம்மா, அம்மா என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அவளும் கேட்கவில்லை.

“அம்மாவின்ரை பேர் என்ன, அப்பப்பா?”

“சவீனம்மா.”

கிங்ஸ்டன் நிமிர்ந்தான்.

“சவீனம்மாக் கிழவியோ? பூவரசடி வளவோ?”

மடுத்தீன் மெல்லத் திரும்பினார். “உனக்கு எப்பிடித் தெரியும்? நீ அவ போன பிறகு பிறந்தவன்.”

“அம்மா சொல்லுவா.” அவன் தயங்கினான்.

“என்ன சொல்லுவா?”

“கோவிக்கப்படாது ஐயா.”

“சொல்லடா.”

“எங்கடை கோழி வேலி பாய்ஞ்சு வந்து உங்கடை வளவுக்கைதான் முட்டை போடுமாம். சவீனம்மாக் கிழவி ஒண்டையும் திருப்பித் தராவாம். கேட்டால், கோழி எனக்குத்தான் தந்தது எண்டு சொல்லுவாவாம். அகதிமுகாமிலை முட்டை சாப்பிடேக்கையெல்லாம் அம்மா இதைச் சொல்லுவா. சாகும்வரைக்கும் சொன்னவ.”

வாசலில் றொஜர் அப்படியே நின்றார். மடுத்தீனின் தோள்கள் குலுங்கின. அனுஜா பயந்துபோய் எழுந்தாள். பிறகுதான் அவர் சிரிக்கிறார் என்று தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைக் காட்டினார்.

“இந்தப் பிள்ளையின்ரை தேப்பன் அந்த முட்டையிலைதான் வளந்தவன்.”

கிங்ஸ்டனும் சிரித்தான். தேநீர் சட்டையில் சிந்தியது. வேலைக்கு வரப் பிந்தும் என்று யாருக்கோ பிரெஞ்சில் ஒரு வரி அனுப்பிவிட்டு, “வேறை என்ன செய்வா, அந்தக் கிழவி?” என்று கேட்டான்.

“பொறு. எல்லாம் சொல்லுறன். உன்ரை கொம்மா செய்ததும் சொல்லுறன்.”

“பாதருக்கு அனுப்ப வேணும்,” என்றாள் அனுஜா. “எந்தப் பேர் மேலை?”

“உங்கடை அம்மா மூத்தவ,” என்றான் கிங்ஸ்டன்.

மடுத்தீன் கொஞ்சம் யோசித்தார்.

“றெஜினாவை மேலை போடு, பிள்ளை. முட்டைக்கு ஈடாகட்டும்.”

அனுஜா அப்படியே எழுதி அனுப்பினாள்.